மானியம் எங்கே கிடைக்கும் என்பது இரண்டாவது கேள்வி

வாசகி கேட்டது:

"மேற்கு சிட்னியில் ஒரு தமிழ் முதியோர் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். முறைப்படி பதிவு செய்த இன்கார்ப்பரேட்டட் சங்கம். புதன்கிழமைதோறும் வாடகை மண்டபத்தில் நாற்பது பேர் வரை கூடுகிறார்கள். பஜனை, உட்கார்ந்தபடி செய்யும் உடற்பயிற்சி, மதியச் சாப்பாடு. தொண்டர்கள் தங்கள் காரிலேயே கூட்டி வந்து, திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். இப்போது சிலருக்கு மறதி நோய் தொடங்கியிருக்கிறது. 'குளிப்பாட்டிவிட ஒரு தமிழ்ப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புங்களேன்' என்று கேட்கிறார்கள். நாமே பராமரிப்பு நிறுவனமாகிவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு. அரசு மானியம் எங்கே கிடைக்கும்? போன வருடம் ஒன்றின் கடைசித் தேதியைத் தவறவிட்டோம். என்ன பயிற்சி எடுக்க வேண்டும்? நாள்தோறும் வந்து குவிகிற மின்னஞ்சல்களில் எதைப் படிப்பது? ஒருவர், வாங்கித் தரும் மானியத்தில் 15 சதவீதம் கொடுத்தால் எல்லாவற்றையும் தானே எழுதித் தருவதாகச் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?"

ஆலோசகர் பதில்:

வணக்கம். கடைசிக் கேள்வி அவசரமானது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். அந்த 15 சதவீத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். மத்திய அரசின் மானிய விதிமுறைகளைத் திறந்தால், எதற்கெல்லாம் இந்தப் பணத்தைச் செலவழிக்கக் கூடாது என்று ஒரு பகுதி இருக்கும். விண்ணப்பம் தயாரித்த செலவு பெரும்பாலும் அங்கே இருக்கும். ஆக, அவருக்குப் போகும் 15 சதவீதத்தை மானியக் கணக்கில் காட்ட முடியாது, சங்கத்தின் சொந்தப் பணத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும். அதோடு, விண்ணப்பத்தில் அவர் என்ன வாக்குறுதி எழுதினாலும் அதை நிறைவேற்ற வேண்டியவர்கள் நீங்கள். எழுத உதவி வேண்டுமென்றால் ஒரு நிலையான தொகை பேசி வைத்துக்கொள்ளுங்கள். எழுதுகிறவர் புதன்கிழமை ஒருநாள் வந்து மண்டபத்தில் உட்கார்ந்து பார்த்தவராகவும் இருக்கட்டும்.

இனி பெரிய விஷயத்துக்கு வருவோம். உங்கள் கமிட்டி "மானியம் கிடைத்தால் வீட்டுப் பராமரிப்பு தொடங்கலாம்" என்று நினைப்பதாகக் கடிதத்திலிருந்து தெரிகிறது. ஆஸ்திரேலியாவில் வீட்டுப் பராமரிப்புக்கான பணம் பெரும்பாலும் அந்த வழியில் வருவதில்லை. 2025 நவம்பர் 1 அன்று புதிய முதியோர் பராமரிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்றே பழைய ஹோம் கேர் பேக்கேஜ் போய் 'சப்போர்ட் அட் ஹோம்' வந்தது. இதில் பணம் முதியவரின் பெயரில் ஒதுக்கப்படுகிறது. மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வந்து பார்த்து, எட்டு நிலைகளில் எது என்று முடிவு செய்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு தொகை ஒதுக்கப்படும். பதிவு பெற்ற நிறுவனம் வேலையைச் செய்து முடித்த பிறகுதான் அரசின் பணம் வழங்கும் அமைப்பான சர்வீசஸ் ஆஸ்திரேலியாவிடம் கோரிப் பெற முடியும். முதலில் சம்பளம், பிறகு வரவு. இடையில் உள்ள நாட்களைத் தாங்க வங்கியில் பணம் இருக்க வேண்டும்.

குளிப்பாட்டிவிடக் கேட்கிறார்களே, அதையே கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலை ஒரு மணி நேரம். வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்களுக்குப் பொருந்தும் ஷாட்ஸ் அவார்டில் (குறைந்தபட்சச் சம்பளத்தையும் வேலை நிபந்தனைகளையும் சொல்லும் சட்ட ஆவணம்), பகுதிநேர, கேஷுவல் ஊழியரை ஒருமுறை வேலைக்கு அழைத்தால் குறைந்தது இரண்டு மணி நேரச் சம்பளம் என்ற விதி 2022 ஜூலையிலிருந்து இருக்கிறது. டூங்காபியில் காலை எட்டு மணிக்கு ஓர் அம்மா, பக்கத்துத் தெருவில் ஒன்பது மணிக்கு இன்னொருவர் என்று அடுத்தடுத்து அமைந்தால் கணக்கு சரிப்படும். அந்த ஒரே ஓர் அம்மாதான் என்றால் ஒரு மணி நேரக் கட்டணத்தை வாங்கி இரண்டு மணி நேரச் சம்பளம் கொடுப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் கூடுதல் விகிதம். பணியாளருக்குக் காய்ச்சல் வந்த அன்று யாரை அனுப்புவது என்ற கேள்வி வேறு. மானியம் முதல் வருடத்தில் இந்த ஓட்டையை மூடி மறைக்கும், அவ்வளவுதான். மானியக் காலம் முடியும்போது ஓட்டை அங்கேயே இருக்கும். அதற்குள் பத்துக் குடும்பங்கள் உங்களை நம்பியிருக்கும். நல்ல மனதோடு தொடங்கிய சின்ன அமைப்புகள் தடுமாறுவது அநேகமாக இந்த இடத்தில்தான். அதனால்தான் உங்களைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துகிறேன்.

பதிவு செய்வதிலும் உங்கள் மூன்று வேலைகளும் ஒரே வகையில் வராது. புதிய சட்டத்தில் ஆறு பதிவு வகைகள். முதியவர்களைக் காரில் கூட்டி வருவதும் சாப்பாடு வழங்குவதும் முதல் வகை. புதன்கிழமைக் கூட்டம் சமூக ஆதரவு என்ற பெயரில் மூன்றாவது வகையில் வரும். குளிப்பாட்டுவது நான்காவது வகை. நான்காவதிலிருந்து மேலே போனால் தரநிலைத் தணிக்கை உண்டு. மொத்தம் ஏழு தரநிலைகள், நான்காவது வகைக்கு முதல் நான்கு பொருந்தும். முதல் மூன்று வகைகளுக்கு அந்தத் தணிக்கை இல்லை. ஆனால் நடத்தை விதிகளும் முதியோர் உரிமைப் பிரகடனமும் எல்லோருக்கும் பொருந்தும். சம்பளம் வாங்குகிறவரோ தொண்டரோ, மூன்று வருடத்துக்குள் எடுத்த போலீஸ் சான்றிதழ் அல்லது என்டிஐஎஸ் (தேசிய மாற்றுத்திறனாளி காப்பீட்டுத் திட்டம்) பணியாளர் அனுமதி வேண்டும்.

தீவிரச் சம்பவங்களை அறிவிக்கும் திட்டத்தையும் கமிட்டி தெரிந்துகொள்ளட்டும். முதியவருக்குக் காயமோ, துன்புறுத்தலோ, அப்படி ஒரு சந்தேகமோ வந்தால், தீவிரமானவற்றை 24 மணி நேரத்துக்குள் முதியோர் பராமரிப்புத் தர, பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். மற்றவற்றுக்கு 30 நாள். வெள்ளிக்கிழமை இரவு ஒரு மகள் தொலைபேசியில் அழுதால் அதை யார் எடுப்பார், யார் எழுதுவார் என்பதற்கு இன்றைக்கு உங்களிடம் பதில் இருக்கிறதா? இது பயமுறுத்தச் சொன்னதல்ல. 2021 மார்ச்சில் வெளியான, முதியோர் பராமரிப்பை விசாரித்த ராயல் கமிஷனின் இறுதி அறிக்கை 148 பரிந்துரைகளைச் சொன்னது. முதியவர்கள் புறக்கணிக்கப்பட்டதையும் அடிபட்டதையும் விசாரித்த பிறகு எழுதியவை அவை. இந்த விதிகளின் பாரம் எனக்கும் தெரியும், ஆனாலும் அவை தேவையில்லை என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

சரி, அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. இப்போதைக்கு நான்காவது வகைக்கு ஆசைப்பட வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை. அதற்குப் பதிலாக, ஏற்கெனவே பதிவு பெற்ற ஒரு நிறுவனத்தோடு சேருங்கள். பதிவு பெற்ற நிறுவனம் தன் சார்பில் சேவை செய்ய இன்னோர் அமைப்பை அமர்த்திக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. இணை வழங்குநர் என்று வைத்துக்கொள்ளலாம். முதன்மைப் பொறுப்பும் அரசிடம் பணம் கோரும் வேலையும் அவர்களுடையவை. தமிழ் பேசும் முதியவர்களின் நம்பிக்கை உங்களிடம் இருக்கிறது, அவர்களிடம் இல்லை. அதனால் தயங்காமல் பேரம் பேசுங்கள். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு, பணம் எத்தனை நாளில் வரும், புகார் வந்தால் யார் கையாள்வது, உங்களிடம் பயிற்சி பெற்ற பணியாளரை அவர்கள் இழுத்துக்கொண்டால் என்ன செய்வது, இந்த நான்கும் எழுத்தில் வரட்டும்.

இன்னொரு வழி, தனிமையில் இருக்கும் முதியவர்களைப் போய்ப் பார்க்கும் தொண்டர் திட்டம். 2023 ஜூலையில் பழைய சமூகப் பார்வையாளர் திட்டத்தை மாற்றி 'ஏஜ்டு கேர் வாலண்டியர் விசிட்டர்ஸ் ஸ்கீம்' என்று கொண்டுவந்தார்கள். முதியோர் இல்லத்தில் இருப்பவர்களையும் வீட்டில் பராமரிப்பு பெறுபவர்களையும் தொண்டர்கள் போய்ப் பார்ப்பார்கள். தமிழ் தெரியாத ஊழியர்களுக்கு நடுவே ஒரு முதியோர் இல்லத்தில் நாள் முழுக்கப் பேசாமல் உட்கார்ந்திருக்கும் நம்மவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். இந்தத் திட்டத்தை நடத்த நிதி பெற்ற அமைப்பு உங்கள் பகுதியில் எது என்று கேட்டு, உங்கள் தொண்டர்களை அங்கே சேர்த்துவிடலாம். சோதனை, பயிற்சி, மேற்பார்வை எல்லாம் அவர்கள் பொறுப்பு.

சிஎச்எஸ்பி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆரம்பநிலை வீட்டு உதவிக்கான திட்டம். அது மட்டும் இன்னும் அமைப்புகளுக்கு நேரடி மானியமாக ஓடுகிறது. குழுவாகக் கூடும் நிகழ்ச்சிகளுக்கும் அதில் இடம் உண்டு, அதாவது உங்கள் புதன்கிழமை. 2027 ஜூலை 1-க்கு முன் அதை சப்போர்ட் அட் ஹோமில் சேர்ப்பதில்லை என்று அரசு அறிவித்திருக்கிறது. இந்தத் திட்டத்தைப் பற்றி வரும் செய்தியை மட்டும் ஒன்றுகூட விடாதீர்கள். புதிய அமைப்புகளுக்கு எப்போதாவதுதான் கதவு திறக்கும். திறக்கும்போது பதிவு, ஆவணம், கணக்கு எல்லாம் கையில் இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு: மானியம் எங்கே. மத்திய அரசின் மானியங்கள் எல்லாம் 'கிராண்ட்கனெக்ட்' என்ற ஒரே இணையதளத்தில் வெளியாகின்றன. இலவசமாகப் பதிவு செய்து, முதியோர் பராமரிப்பு, பன்முகச் சமூகம், தொண்டர் என்ற தலைப்புகளைத் தேர்ந்தெடுத்தால் புதிய அறிவிப்பு வந்த உடனே மின்னஞ்சல் வரும். கடைசித் தேதி தவறாமல் இருக்க இதுவே போதும். பலர் பார்க்காமல் விடும் இரண்டு பகுதிகள் அங்கே உண்டு. ஒன்று, இனி வரப்போகும் மானியங்களின் முன்னறிவிப்பு. அதைப் பார்த்தால் தயாராகச் சில வாரங்களாவது கூடுதலாகக் கிடைக்கும். இன்னொன்று, ஏற்கெனவே யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியல். மானியம் நடைமுறைக்கு வந்த 21 நாளுக்குள் அதில் ஏற்ற வேண்டும் என்பது விதி. நீங்கள் கேட்க நினைக்கும் மானியத்தைப் போன சுற்றில் வாங்கியவர்கள் எல்லோரும் நூற்றுக்கணக்கான ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் என்றால், அந்த விண்ணப்பத்தில் இரவெல்லாம் கண்விழிப்பதில் பயனில்லை. அந்த நேரத்தை வேறெங்காவது செலவிடலாம்.

எடுத்துக்காட்டாக, முதியோர் பராமரிப்புக் கட்டட நிதி பற்றி அடிக்கடி பேச்சு அடிபடும். தொலைதூர ஊர்கள், பூர்வகுடி மக்கள் போன்று சேவை எட்டாத இடங்களில் கட்டடம் கட்டவும் புதுப்பிக்கவும் உதவுவது அதன் முக்கிய நோக்கம். சிட்னியில் மண்டபம் வாடகைக்கு எடுக்கும் சங்கத்துக்கு அது ஒத்துவராது.

உங்களுக்கு இன்று ஒத்துவரும் பணம் சின்னது. மத்திய அரசின் தொண்டர் மானியம் ஓர் அமைப்புக்கு 1,000 டாலரிலிருந்து 5,000 டாலர் வரை. உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் பரிந்துரைத்தால்தான் விண்ணப்பிக்க முடியும். ஆகவே அறிவிப்பு வரும் வரை காத்திராமல் இப்போதே அவரது அலுவலகத்துக்கு எழுதி, ஒரு புதன்கிழமைக்கு அழைத்து வையுங்கள். தொண்டர்களின் பெட்ரோல் செலவு, போலீஸ் சான்றிதழ், முதலுதவிப் பயிற்சி, ஒரு நல்ல மைக் செட் இவற்றுக்கெல்லாம் அது பொருந்தும். அப்புறம் உங்கள் நகரசபையின் சமூக மானியம், கிளப்கள் கொடுக்கும் கிளப்கிராண்ட்ஸ், மாநில அரசின் மல்டிகல்சுரல் என்எஸ்டபிள்யூ மானியம். கட்டட வேலைக்குக் கேட்பதாக இருந்தால் மண்டப உரிமையாளரின் சம்மதக் கடிதம் இல்லாமல் தொடங்க வேண்டாம். அறக்கட்டளைகளிடம் போக நினைத்தால் முதலில் ஏசிஎன்சி-யில் (அறப்பணி நிறுவனங்களைப் பதியும் மத்திய அரசு அமைப்பு) அறப்பணி நிறுவனமாகப் பதியுங்கள், கட்டணம் கிடையாது. பல அறக்கட்டளைகள் வரிவிலக்கு நன்கொடை பெறும் தகுதியையும் கேட்கும், அது வரி அலுவலகம் தருவது.

எந்த மானியமானாலும் விதிமுறை ஆவணத்தைப் படிக்கும் ஒழுங்கு ஒன்று உண்டு. முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். தகுதிப் பகுதியைத் திறந்து, அதில் ஒன்று பொருந்தவில்லை என்றாலும் மூடிவிடுங்கள். பிறகு, எதற்குச் செலவழிக்கக் கூடாது என்ற பகுதி. அதன்பின் மதிப்பெண் எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தேவையை நிரூபிக்க நாற்பது மதிப்பெண் இருந்தால் அங்கேதான் உங்கள் எழுத்தின் பாதி போக வேண்டும். "எங்கள் முதியவர்கள் தனிமையில் வாடுகிறார்கள்" என்று எழுதினால் மதிப்பெண் வராது. புதன்கிழமை வருகைப் பதிவேட்டை இப்போதிருந்தே ஒழுங்காக வைத்தால், எத்தனை பேர் தனியாக வாழ்கிறார்கள், எத்தனை பேர் ஆங்கிலம் பேசமாட்டார்கள், எத்தனை பேருக்கு வரப் போக்குவரத்து வேண்டும் என்று எண்ணிக்கையோடு எழுதலாம். தேர்வு செய்கிறவர் நம்புவது அந்தப் பதிவேட்டைத்தான்.

பயிற்சிக்குச் செலவு குறைவு, அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். மறதி நோயிலிருந்து தொடங்குங்கள். டாஸ்மேனியா பல்கலைக்கழகத்தின் விக்கிங் மையம் 'அண்டர்ஸ்டாண்டிங் டிமென்ஷியா' என்ற இணையப் படிப்பை இலவசமாக நடத்துகிறது. யாரும் சேரலாம், முன்படிப்பு வேண்டாம். ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து படித்து, புதன்கிழமை சமையல் முடிந்ததும் மற்றவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லட்டும். கூட்டத்தின் நடுவே ஒருவர் திடீரென்று எழுந்து "நான் வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்கு நடந்தால் என்ன செய்வீர்கள்? தடுத்து உட்கார வைத்து, "இன்னும் சாப்பாடு ஆகவில்லையே" என்று வாதாடினால் அவருக்குப் பதற்றம் கூடும். கூடவே நாலடி நடந்து, வீட்டைப் பற்றியே கேட்டு, மெல்லப் பேச்சை மாற்றிப் பாருங்கள். பல நேரம் அவரே திரும்பி வருவார். இதைத் தெரிந்த தொண்டர் ஒருவர் இருந்தாலே புதன்கிழமையின் முகம் மாறிவிடும். டிமென்ஷியா டிரெயினிங் ஆஸ்திரேலியாவும் மத்திய அரசின் நிதியில் இலவசப் பாடங்கள் தருகிறது.

தொண்டர்கள் யாரையும் தூக்கக் கூடாது என்று இன்றே ஒரு விதி போடுங்கள். விழுந்தவரை இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குவது நம் வழக்கம். தூக்குகிறவரின் முதுகும் போகும், விழுந்தவரின் எலும்பு முறிவும் மோசமாகும். சரியான முறையைக் கற்றுத்தர ஒரு பிசியோதெரபிஸ்ட்டை ஒரு மத்தியானம் அழைத்தால் போதும்.

சம்பள வேலைக்குப் போக விரும்பும் இளையவர்களுக்கு 'இண்டிவிஜுவல் சப்போர்ட்' சர்டிபிகேட் த்ரீ என்ற பராமரிப்புப் பணியாளர் படிப்பு. அதில் 120 மணி நேரம் வேலையிடப் பயிற்சி கட்டாயம். அரசுத் தொழிற்கல்லூரியான டேஃபில் கட்டணமில்லா இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தனியார் கல்லூரி என்றால் அதன் பெயர் தேசியப் பயிற்சிப் பதிவேட்டில் இருக்கிறதா, வேலையிடப் பயிற்சிக்கு இடம் யார் பிடித்துத் தருவார் என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். "இரண்டு வாரத்தில் சான்றிதழ்" என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் போக வேண்டாம். பின்னாளில் பதிவு பெற்று நர்ஸ் ஒருவரை வேலைக்கு வைத்தால், வாழ்வின் இறுதிக்காலப் பராமரிப்பை நேரில் இருந்து கற்க 'பெப்பா' திட்டத்துக்கு அனுப்பலாம்.

மொழிபெயர்ப்பில் ஒரு தவறு நம் சங்கங்களில் சாதாரணமாக நடக்கிறது. மதிப்பீட்டாளர் வரும்போது சங்கத்துத் தொண்டரோ மகனோ மொழிபெயர்க்கிறார். இரவில் படுக்கை நனைவதையும், பணத்தை மருமகள் வைத்துக்கொள்வதையும் அந்த அம்மா அவர்கள் முன்னால் சொல்லமாட்டார். சொல்லாததால் நிலை குறைவாகப் போடப்படும், வரும் உதவியும் குறையும். 1800 200 422 என்ற மை ஏஜ்டு கேர் (முதியோர் பராமரிப்புக்கான அரசுத் தொடர்பு மையம்) எண்ணை அழைக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லச் சொல்லுங்கள். 131 450 என்ற டிஐஎஸ் (அரசின் மொழிபெயர்ப்புச் சேவை) எண் வழியாகவும் கேட்கலாம். முதியவருக்கு இதில் செலவில்லை. தொண்டர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளட்டும், பேச்சை மாற்றித் தருவது நாட்டி (மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்று தரும் அமைப்பு) சான்றிதழ் பெற்றவரின் வேலை. நாற்பது பேரில் இன்னும் மதிப்பீட்டுக்கே போகாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களை அந்த வாசல்வரை கொண்டுபோய் விடுவது எந்த மானியமும் இல்லாமல் நாளைக்கே செய்யக்கூடிய வேலை.

மின்னஞ்சல் குவியலுக்கு வருவோம். மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்திவிடுங்கள். தர, பாதுகாப்பு ஆணையத்தின் 'ஏஜ்டு கேர் குவாலிட்டி புல்லட்டின்', சுகாதாரத் துறையின் முதியோர் பராமரிப்புச் செய்திமடல், கிராண்ட்கனெக்ட் அறிவிப்பு. துறைக்குள் பேசிக்கொள்வது தெரிய வேண்டுமானால் 'ஆஸ்திரேலியன் ஏஜிங் அஜெண்டா'வையும் பார்க்கலாம். படிப்பது ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும், வாரத்தில் ஒரு நாள் போதும். ஒவ்வொரு செய்திக்கும் மூன்று கேள்விகள்: இது நடைமுறைக்கு வந்துவிட்டதா அல்லது கருத்துக் கேட்கும் நிலையிலா, எந்தப் பதிவு வகைக்கு, எந்தத் தேதியிலிருந்து? முதல் கேள்வியை விட்டுவிட்டால்தான் பீதி பரவுகிறது. புதிய சட்டம் 2025 ஜூலையில் வரும் என்று அறிவித்து, பிறகு நவம்பருக்குத் தள்ளிப்போட்டார்கள். ஜூலை என்று ஒருமுறை படித்ததோடு நின்றவர்கள் அவசரப்பட்டு ஒப்பந்தங்களை மாற்றிவிட்டு, திரும்பவும் மாற்ற வேண்டியதாயிற்று.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் போடுங்கள். இந்த ஆண்டு நான்காவது வகைப் பதிவுக்குப் போவதில்லை, பதிவு பெற்ற ஒரு நிறுவனத்தோடு எழுத்து மூலமான ஒப்பந்தம் பேசப்படும் என்பது ஒன்று. வருகைப் பதிவேடு, போலீஸ் சான்றிதழ் பட்டியல், சம்பவப் புத்தகம் மூன்றுக்கும் பெயர் சொல்லி ஆளுக்கொருவர் பொறுப்பு என்பது இன்னொன்று. இரண்டையும் மினிட்ஸில் தேதியோடு பதிந்து தலைவரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். நீங்கள் சேரப் போகும் நிறுவனம் முதல் சந்திப்பிலேயே அவற்றைக் கேட்கும்.